உள்ளே ஒன்றுமில்லாத ஜிமிக்கி

எங்கள் கள்ளக்குறிச்சி நகைக்கடைக்கு நான் எடை குறைந்த நகை செய்யும் ஒரு மெஷினை வாங்கி வந்ததும், கடையில் கூட்டாளியான என் மச்சான் அதன் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். "இன்னா மாமா, மீன் வளக்கப் போறீங்களா?"

மெழுகில் ஜிமிக்கி செய்து, மேலே வெள்ளிப் பூச்சு தடவி, தங்கக் கரைசலில் தொங்கவிட்டுக் கரண்ட் கொடுத்தால், பூச்சின்மேல் தங்கம் படியும். பிறகு மெழுகை உருக்கி வடித்துவிட்டால், பார்க்கப் பெரிசு, எடை கம்மி. முதல் ஜிமிக்கியில் ஒரு பக்கம் பூச்சு தடவ மறந்தேன். என் மீசையில் மட்டும் நன்றாகத் தடவியிருந்தேன். ஜிமிக்கி எலி கடித்ததுபோல் வந்தது.

"மெஷினைத் திருப்பி அனுப்பிடலாம் மாமா."

"அடுத்ததை வடக்கனந்தல் அக்கா வேணாம்னு சொன்னா, நானே லாரியில ஏத்திடறேன்."

அந்த அக்கா கனத்த ஜிமிக்கி போட்டுக் காது கிழிந்து தையல் போட்டவர். ஆனாலும் மகள் கல்யாணத்தில் தான் போட்டுக்கொள்ளப் பெரிய ஜிமிக்கிதான் வேண்டும் என்று நின்றார். எங்கள் பக்கத்தில் நகையை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்துத்தான் மதிப்பார்கள். அடுத்த ஜிமிக்கி சரியாக வந்தது; அதைத் தூக்கிப் பார்த்ததும் அக்கா முகம் சுருங்கியது. மச்சான் முகம் மலர்ந்தது.

"போட்டுப் பாத்துட்டு வேணாம்னு சொல்லுங்கக்கா" என்றேன்.

போட்டார். கண்ணாடி முன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். "இத்தப் போட்டுக்கினு பந்தியே பரிமாறலாம் போலிருக்குதே."

மச்சான் விடவில்லை. "உள்ள ஒண்ணுமே இல்லக்கா."

"இல்லாட்டி போவுது. தச்ச காது என்னுதுதானே, உன்னுதா?" என்றவர், கழற்றாமலே என் பக்கம் திரும்பினார். "பொண்ணுக்கும் இதே மாதிரி செஞ்சிடு தம்பி."

மச்சானைப் பார்த்தால் சிரித்துவிடுவேன் என்று, நேரே மெழுகு உருக்கப் போனேன்.