காய்ச்சல் இல்லாத சாட்சி

டிசம்பர் பிறந்துவிட்டால் ஜோகுபாளையத்தில் எங்கள் தெரு முழுக்க அப்பாவின் கைவேலைதான் மினுங்கும். அப்பா எலக்ட்ரீஷியன். மாடி வீட்டு பால்கனிக்குப் பச்சை சீரியல் செட், மூலை பேக்கரிக்கு ஓடுகிற லைட், வாசலுக்கு வாசல் காகித ஸ்டார். எல்லாவற்றுக்கும் ஒயர் இழுத்து, சுவிட்சைத் தட்டி, எரிகிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவார். எங்கள் வாசலில் மட்டும் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு அழுது வடிந்துகொண்டிருக்கும். அதுவும் பால்காரர் தடுக்கி விழாமல் இருப்பதற்காக. எதிர்வீட்டு அக்கா சும்மா விடமாட்டார். "ஏன்ணா, ஊருக்கெல்லாம் ஸ்டார் போடுறீங்க, உங்க வூட்டு மேல மட்டும் என்னா கோவம்?" என்பார். அப்பா ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுவார். வேறென்ன செய்வார் மனுஷன்?

கோபமெல்லாம் ஒன்றுமில்லை. நாங்கள் சபைக்காரர்கள். வேதத்தில் தேதி போடாத பண்டிகையைக் கொண்டாடக் கூடாது என்பது சபையின் சட்டம். சட்டங்களுக்கு எங்கள் சபையில் பஞ்சமே கிடையாது. நகை கூடாது, பூ கூடாது, டிவி கூடாது, பிறந்தநாளுக்கு ஒரு பலூன்கூடக் கூடாது. என் வகுப்பிலேயே காது குத்தாத பெண் நான் ஒருத்திதான். 'உனக்குக் காது நல்லா கேக்குமா?' என்று ஒருத்தி உண்மையான அக்கறையோடு விசாரித்தாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வெள்ளை உடுத்திக்கொண்டு ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில், தகரக் கூரையின் கீழே, பாயில் உட்காருவோம். ஆண்கள் ஒரு பக்கம், முக்காடு போட்ட பெண்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் எல்லோரும் முன்வரிசையில்.

அங்கே சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. அந்த வாரம் கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். பெண்கள் எழுந்து பேசக் கூடாது. ஸ்தோத்திரம் சொல்வதற்கு மட்டும் வாயைத் திறக்கலாம். ஆனால் பன்னிரண்டு வயது ஆகாத பிள்ளை என்றால், ஆணோ பெண்ணோ, தாராளமாகச் சாட்சி சொல்லலாம். எனக்கு அப்போது பத்து வயது. என்னிடம் கைவசம் இருந்தது ஒரே ஒரு காய்ச்சல். இரண்டாம் வகுப்பில் வந்து போன அந்தக் காய்ச்சலைக் கர்த்தர் குணமாக்கினார் என்று மாதம் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் நான் எழுந்தாலே பக்கத்துப் பையன் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தான்.

சபையை நடத்தியவர் என் தாய்மாமா, அம்மாவின் அண்ணன். அவரை அரக்கன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எனக்கு அவர்மேல் உயிர். ஆராதனை முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு பெப்பர்மின்ட் தருவார், எனக்கு மட்டும் இரண்டு. அப்பா ஊருக்கெல்லாம் ஸ்டார் கட்டுவதற்கும் மாமாதான் வழி கண்டுபிடித்தார். "பவுல் அப்போஸ்தலர் கூடாரம் தைச்சு வித்தாரு. அந்தக் கூடாரத்துல எவன் உக்காந்தான், என்னா பண்ணான்னு பார்த்தாரா? தொழில் வேற, ஆராதனை வேற" என்று சொல்லிவிட்டார். அப்பா சபைக்கு மாப்பிள்ளையாக வந்தவர். தங்கவயலில் பிறந்து, அங்கிருந்த கிறிஸ்தவக் கோயிலின் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவர். கல்யாணத்துக்காக மோதிரத்தைக் கழற்றினார், பாட்டையும் கழற்றி வைத்தார் என்று அத்தை பெருமையாகச் சொல்வார். அத்தை என்றால் மாமாவின் மனைவி.

அந்த வருடம் டிசம்பரில் அல்சூர் பக்கம் ஒரு பழைய கல் கோயிலிலிருந்து அப்பாவுக்கு வேலை வந்தது. மணிக்கூண்டின் மேல் ஆள் உயர ஸ்டார் கட்ட வேண்டும். சனிக்கிழமை மதியம் ஏணியின் காலைப் பிடித்துக்கொள்ள என்னையும் கூட்டிப் போனார். அம்மா ஃபிளாஸ்கில் காபி ஊற்றிக் கொடுத்தாள். அப்பா ஏணியில் பாதி ஏறியதும் உள்ளே பாடகர் குழுவின் ஒத்திகை தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து இன்னொரு குரல் அதோடு சேர்ந்து வந்தது. நிமிர்ந்து பார்த்தால், அப்பா வாயில் இன்சுலேஷன் டேப்பைக் கவ்வியபடி பாடிக்கொண்டிருக்கிறார்! டேப்போடு ஆரம்பித்த பாட்டு, டேப் கீழே விழுந்ததும் கணீரென்று கிளம்பிவிட்டது.

கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு, பாடகர் குழுவை நடத்துகிற கொயர் மாஸ்டர் வெளியே ஓடி வந்தார். வயதானவர், குடை மாதிரி வளைந்திருப்பார்.

"யார் மேன் அது டெனர் பாடுறது?"

"எலக்ட்ரீஷியன் சார்" என்றார் அப்பா, திருடி மாட்டிக்கொண்டவர் போல.

"இறங்கு மேன் கீழ! ஸ்டார் எங்கயும் ஓடிப் போகாது. உச்சக் குரல்ல பாட, டெனர்ல, எனக்கு இருக்கறதே ஒரு ஆளு, அவனுக்கும் இருமல்."

அப்பா அவசரமாக இறங்கியதில் ஏணி ஒரு ஆட்டம் ஆடியது. நான் தொங்காத குறையாகப் பிடித்துக்கொண்டேன். அன்று கடைசி வரிசையில், கையெல்லாம் சுண்ணாம்பும் தூசியுமாக நின்று அப்பா பாடினார். பாடும்போது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. முடிந்ததும் "வலிக்குதாப்பா?" என்று கேட்டேன். "இல்ல பாப்பா, சந்தோஷம்" என்றார்.

வரும் வழியில் ஸ்கூட்டரை ஓரம் கட்டினார். "யாராச்சும் கேட்டா பொய் சொல்லாத. கேக்காதவங்ககிட்ட போயி சும்னே எதுக்கு சொல்லணும்? சரியா?" என்றார். சரி என்றேன். ஆனால் வாயை அடக்கவேண்டியது நானல்ல, அவர். வீட்டில் கை கழுவும்போதே அந்த ராகம் மூக்கு வழியாக வந்துவிட்டது. சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்த அம்மாவின் கரண்டி ஒரு நிமிஷம் நின்று, மறுபடி சுற்றியது.

கட்டிய ஸ்டாருக்கு அப்புறம் என்ன கோளாறோ, அடுத்த இரண்டு சனிக்கிழமையும் 'ரிப்பேர்' இருந்தது. நானும் கூடப் போனேன். அந்த இரண்டு தடவையும் அம்மா ஃபிளாஸ்கில் காபி ஊற்றவில்லை. மிளகு தட்டிப் போட்டு, பனங்கற்கண்டு கரைத்த சூடான பால். டிசம்பர் குளிருக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது சனிக்கிழமைக்கு மறுநாள் சபை. அம்மா எனக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு என்னா சாட்சிடி?" என்றாள்.

"காய்ச்சல்மா."

"ஐயே, அந்தக் காய்ச்சலை இன்னும் எத்தன வருஷத்துக்கு ஓட்டுவ? நேத்து அப்பாகூட போனல்ல, அங்க பாத்ததைச் சொல்லு. உள்ளதை உள்ளபடி, ஒண்ணு விடாம சொல்லு."

நான் யோசித்தேன். கேட்டால் பொய் சொல்லக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. அம்மா கேட்டாகிவிட்டது. அப்புறம் என்ன?

சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். பக்கத்துப் பையனின் கை நெற்றிக்குப் போனது.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சபையாருக்கு என் அன்பின் வாழ்த்துகள். எங்கப்பா பெரிய ஏணியில ஏறினாங்க."

"ஸ்தோத்திரம்!" என்றது சபை.

"ஏணி ஆடிச்சு. நான் கெட்டியா புடிச்சிக்கிட்டேன். அப்பா கீழ விழல."

"அல்லேலூயா!"

இவ்வளவு வரவேற்பு என் காய்ச்சலுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. குரலை இன்னும் உயர்த்தினேன்.

"கோயில் மணிக்கூண்டு மேல ஸ்டார் கட்டினாங்க."

"ஸ்தோத்..." பாதி வாய்கள் திறந்தபடியே நின்றுவிட்டன.

"அப்புறம் உள்ள போயி கொயர்ல நின்னு கிறிஸ்துமஸ் பாட்டு பாடினாங்க. மூணு சனிக்கிழமை."

காது மந்தமான ஒரு பெரியவர் மட்டும் பின்னாலிருந்து, "அல்லேலூயா!" என்று முழங்கினார்.

"பாடும்போது அப்பா அழுதாங்க. சந்தோஷத்துல. அதுக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

அப்பா பாயின் கோரையை எண்ணிக்கொண்டிருந்தார். மாமா வேதப் புத்தகத்தைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு குரல், தாழ்வாக, ஆனால் தெளிவாக, "ஸ்தோத்திரம்" என்றது. யாரென்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அன்று எனக்கு ஒரு பெப்பர்மின்ட்கூடக் கிடைக்கவில்லை.

சாயங்காலம் மாமா வீட்டுக்கு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"மாப்ள, அடுத்த ஞாயித்துக்கிழமை சபை முன்னாடி எந்திரிச்சு, தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. முடிஞ்சிடும்."

"பாடினதைத் தப்புன்னு எப்படி மச்சான் சொல்றது? அவருக்குத்தான பாடினேன்."

"அங்க மெழுகுவத்தி ஏத்துறாங்க மாப்ள!"

"ஏத்தட்டுமே. கரண்ட் போனா ஆகும்."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க இருமினார். பிறகு அவர் முகம் மாறியது. "சொல்லலைன்னா திருவிருந்துல அப்பம் எடுக்க முடியாது. சபையில உங்க பேரு இருக்காது. நான் ஒண்ணும் பண்ண முடியாது மாப்ள" என்றார். அப்பா சரி என்று தலையை ஆட்டினார். மாமா அம்மாவிடம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற?"

"காபி ஆறுதுண்ணா, குடி" என்றாள் அம்மா.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை அத்தை வந்து, "அவரு வரலைன்னா போகட்டும், நீ பிள்ளையைக் கூட்டிக்கிட்டு சபைக்கு வந்துடு" என்று அம்மாவிடம் சொல்வதைக் கேட்டேன். அம்மா அதற்கும் பிடிகொடுத்துப் பேசவில்லை. அப்படியென்றால் இனிமேல் ஒரே வீட்டில் இரண்டு கூட்டமா? அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நான் எந்தப் பக்கம்? எல்லாம் இந்த வாயால் வந்தது. காய்ச்சலைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா நீலச் சட்டை போட்டார். ஞாயிற்றுக்கிழமையில் அவரைக் கலர்ச் சட்டையில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மா எப்போதும் போல வெள்ளைச் சேலை, முக்காடு, கையில் வேதப் புத்தகம். அதைப் பார்த்ததுமே அம்மா சபைக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் தெரு முனையில் இடது பக்கம் திரும்பினால் சபை, வலது பக்கம் மெயின் ரோடு. முனை வரைக்கும் மூன்று பேரும் சேர்ந்து நடந்தோம். அப்பா வலது பக்கம் திரும்பி நின்றார். அம்மாவைப் பார்த்தார், வா என்று கூப்பிடவில்லை. நான் நட்ட நடுவில் நின்று, ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டேன்.

அம்மா என் கையைப் பிடித்து வலது பக்கம் இழுத்தாள். "நடு ரோட்ல நின்னு என்னடி ஒப்பாரி? பாட்டு ஆரம்பிச்சிடப் போகுது, நட!"

கோயிலில் அம்மா அடித்த கூத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே அமைதியாக ஜெபிப்பார்கள். ஊசி விழுந்தால் கேட்கும். ஐயர், அங்கே பாதிரியாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், ஜெபத்தில் முதல் வாக்கியத்தை முடித்ததுமே அம்மா, "ஸ்தோத்திரம்!" என்று சபைக் குரலில் முழங்கினாள். மொத்தக் கோயிலும் திரும்பிப் பார்த்தது. கொயர் மாஸ்டர் மட்டும் கண்ணாடியை மேலே தள்ளி, "வெரி குட், ஒரு ஆளாவது முழிச்சிட்டிருக்காங்க" என்றார். அம்மா இன்றுவரை அதை விடவில்லை. நகையும் போடவில்லை. விடியற்காலை முழங்கால் போட்டு ஜெபிப்பதையும் நிறுத்தவில்லை. சபையைத்தான் விட்டாள், கர்த்தரை விடவில்லை என்று அப்பா கேலி செய்வார். நான் பத்தொன்பது வயதில் காது குத்திக்கொண்டு வந்தபோது, "வலிச்சுதா?" என்று மட்டும் கேட்டாள்.

மாமா ஒரு வருடம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. எனக்கு அது ரொம்ப வலித்தது. தெருவில் வெள்ளைச் சட்டை தெரிந்தாலே ஓடிப் போய்ப் பார்ப்பேன். அடுத்த டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி சாயங்காலம் அவராகவே வந்தார். எங்கள் வாசலில் தொங்கிய முதல் ஸ்டாரை அண்ணாந்து பார்த்தார். "நான் பண்டிகைக்கு வரல, தங்கச்சியைப் பார்க்க வந்தேன்" என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தார். தட்டில் இருந்ததைக் காட்டி, "இது வெறும் கேக்குதான?" என்றார். வெறும் கேக்குதான் என்றாள் அம்மா. இரண்டு துண்டு சாப்பிட்டார். போகும்போது என் கையில் எதையோ திணித்தார். பிரித்துப் பார்த்தால் பெப்பர்மின்ட், இரண்டு.

ஆனாலும் ஒரு குடும்பத்தையே சபைக்கு வெளியே தள்ளியவள் நான்தான் என்ற உறுத்தல் போகவில்லை. இப்போது நானும் அதே பாடகர் குழுவில் இருக்கிறேன். போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை ஒத்திகைக்குக் கிளம்பும்போது அம்மா என் கையில் ஃபிளாஸ்கைக் கொடுத்தாள். "பாடுற தொண்டைடி, ஆறறதுக்குள்ள குடி" என்றாள். மூடியைத் திறந்தேன். மிளகு வாசனை. செருப்பில் பாதிக் காலோடு அப்படியே நின்றுவிட்டேன். ஏணி ஏறுகிறவருக்கு எதற்கு மிளகுப் பால்?

"அம்மா, அப்பா பாடுறது உனக்கு அப்பவே தெரியுமா?"

"பதினோரு வருஷமா வாயைத் தொறக்காத மனுஷன் கை கழுவும்போது பாடினா தெரியாதா?"

"தெரிஞ்சா ஏம்மா என்னைச் சொல்லச் சொன்ன?"

அம்மா மிளகு தட்டிய கல்லைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "நான் எப்படிடி சொல்றது? சபையில பொம்பளைங்க எந்திரிச்சுப் பேசக் கூடாது இல்ல?"

பாயிலிருந்து எழுந்து, சபையாருக்கு வாழ்த்துச் சொல்லி, அந்தக் காய்ச்சல் இல்லாத சாட்சியைச் சொன்னது நான்தான் என்று பத்து வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து கேட்ட அந்த ஒற்றை ஸ்தோத்திரம், தன் சாட்சியை அம்மா தானே முடித்துக்கொண்டது என்று அப்போது எனக்குத் தெரியாது.