இரண்டு விரலுக்கு ஒரு கத்தி

கத்தி விற்கிறவர்கள் கண்ணைவிடக் காதைத்தான் நம்பவேண்டும். என் மாமனார் அலகை உயர்த்திப் பிடித்து நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவார். ணிங் என்று ஓர் ஒலி எழுந்து, தகரக் கூரைவரை போய், மெல்ல இறங்கி வரும். ஒலி பாதியில் செத்துவிட்டால் அந்தக் கத்தியை ஒதுக்கிவிடுவார். நான் புதுப்பெண்ணாக உள்ளறையில் இருந்து கேட்ட ஒலி அது. பல்கலைக்கழகத்தில் கவிதை படித்துவிட்டு வந்தவளுக்கு இரும்புக் கடையில் வேறென்ன கிடைக்கும்? மாமனார் போனார், பிறகு கணவரும் போனார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், மற்ற நாள்களில் மருதனார்மடச் சந்தியில் ஆணியும் கத்தியும் என்று என் காலம் போகிறது.

கடை வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சாமானை விற்றுவிடலாம். வந்து நிற்கிறவருக்கு எது வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்குள்தான் பொழுது போய்விடும். யோகனுக்குக் கத்தி தேடிய அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

மேசையில் வைப்பது

யோகன் கொடிகாமத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். இடக்கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. வலக்கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும். எப்படி என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதை ஒருவரும் கேட்பதில்லை. காட்டில் வேலை செய்ய ஒரு கத்தி வேண்டும் என்றார். மடக்குக் கத்தியைத் திறக்க இரண்டு கை வேண்டும், ஆகவே மடங்காத கத்தி. சாதாரண இரும்பென்றால் கடல்காற்றில் ஒரே இரவில் கறள் பிடிக்கும், தினமும் எண்ணெய் பூசித் துடைக்க அவருடைய கைக்கு ஏலாது, ஆகவே கறள் பிடிக்காத உருக்கு.

கத்தியைக் கையில் கொடுத்தால் பகை வரும் என்பது ஊர் நம்பிக்கை. மேசையில் வைப்போம், வாங்குகிறவர் எடுத்துக்கொள்வார். நானும் யோசிக்காமல் கண்ணாடி மேசையில் வைத்தேன். தட்டையாகக் கிடக்கும் கத்தியை இரண்டு விரலால் எடுப்பது எத்தனை கடினம் என்று அன்றுதான் கண்டேன். கத்தி கண்ணாடியில் கிரீச்சிட்டு வழுக்கிக்கொண்டே போயிற்று. கடையில் நின்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள். யோகன் நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கையிலை தாங்கோ அன்ரி. சனிக்கிழமை எனக்குச் சோதினை, பகைக்க நேரமில்லை."

திசைகாட்டி

அந்தச் சோதனையை வைத்தவர் சுதன். கனடாவில் வளர்ந்து திரும்பி வந்தவர். வெளிநாட்டுப் பிள்ளைகளை விடுமுறையில் வன்னிக் காட்டுக்குக் கூட்டிப்போய்க் கூடாரம் போடவும் தீ மூட்டவும் பழக்குவது அவருடைய புதுத் தொழில். கூட நிற்க ஓர் ஆள் தேவை. வேலை கேட்டு மூன்று பேர் வந்திருந்தார்கள். கத்தியையும் ஒரு தீப்பெட்டியையும் மட்டும் வைத்துக்கொண்டு விறகு பிளந்து, தீ மூட்டி, தண்ணீர் கொதிக்க வைக்கவேண்டும். மழை பெய்தாலும் தள்ளிப்போடுவதில்லை. யோகன் காவலாளியாக நின்ற அரிசி ஆலை மூடிவிட்டதால், இந்த வேலையும் கிடைக்காவிட்டால் அவருக்கு வேறு வழி இல்லை.

கயிறு வாங்க வந்த சுதனின் இடுப்பிலும் ஒரு கத்தி தொங்கியது. முழங்கை நீளம், முதுகில் வாள்பல், பிடியின் முனையில் திசைகாட்டி. அதை வாங்கிப் பிடியின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே வெறும் குழாய். தீக்குச்சிகளும் தூண்டிலும் கிடந்தன. அலகு பிடியின் வாசலோடு நின்றுவிட்டது. "தம்பி, பிடியின்ரை அடிவரைக்கும் உருக்குப் போகவேணும். இது ரெண்டு அடிக்கு முறிஞ்சிடும்" என்றேன். திசைகாட்டியின் முள்ளோ வடக்கை விட்டுவிட்டுக் கத்தியின் அலகையே காட்டிக்கொண்டு நின்றது. சுதன் ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "வடக்கை விடுங்கோ அன்ரி. இதை இடுப்பிலை கட்டி எடுத்த படத்துக்கு எத்தினை லைக் விழுந்தது தெரியுமே?"

காந்தம்

யோகனுக்கு நான் எடுத்துக் கொடுத்தது பார்க்க ஒன்றுமில்லாத கத்தி. உள்ளங்கை நீள அலகு, நேரான முதுகு, பிடியின் அடிவரை ஓடும் உருக்கு, நனைந்தாலும் வழுக்காத ரப்பர் பிடி. வியாழக்கிழமை அவருடைய மனைவி மலர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். மறுகையில் பழைய வானொலிப் பெட்டியிலிருந்து கழற்றிய காந்தம். இரண்டையும் என் முன்னால் ஒட்டிக் காட்டினார்.

"பாருங்கோ, ஒட்டுது. நல்ல எவர்சில்வர் எண்டால் ஒட்டாது, இது கறள் பிடிக்கும். அம்மா சீதனப் பாத்திரம் எல்லாத்தையும் இப்பிடித்தான் பாத்து வாங்கினவா."

எங்கள் ஊர்ப் பெண்கள் எவரும் செய்யும் பரிசோதனைதான். குடத்துக்கும் தட்டத்துக்கும் அது சரி. கத்திக்கு நேர்மாறு. ஒட்டாத எவர்சில்வர் மென்மையானது, கூர் நிற்காது. கூர் நிற்கும் உருக்கில் காந்தம் ஒட்டத்தான் செய்யும். அதைச் சொன்னேன். "கடைக்காரர் எல்லாரும் உப்பிடித்தான் கதைப்பினம்" என்றார். மாற்றிக் கொடுத்திருந்தால் அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. யோகனுக்கு அந்த வேலை கிடைத்திருக்காது.

ஒட்டாத கத்தி ஒன்றையும் பின்வளவில் கிடந்த காய்ந்த பனைமட்டையையும் எடுத்து அவர் முன் போட்டேன். மலர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தினார். ஒட்டாத கத்தி கொஞ்ச நேரம் 'சரக், சரக்' என்று நன்றாகப் போயிற்று. பிறகு சத்தம் மழுங்கியது, மட்டை நசிந்தது. நான் கொடுத்த கத்தியின் சத்தம் கடைசிவரை மாறவில்லை. மலர் அலகின் விளிம்பைத் தடவிப் பார்த்தார், காந்தத்தைப் பார்த்தார், அதுதான் குற்றம் செய்ததுபோலப் பைக்குள் திணித்தார். நான் கொடுத்த கத்தியையே எடுத்துக்கொண்டு எழும்பும்போது கேட்டார்: "அப்ப என்ரை சீதனக் கத்தியளெல்லாம் சும்மா பளபளப்புத்தானோ?"

சந்தியில் ஒரு மறிப்பு

இளைஞர் கும்பல்கள் வாளோடு திரியும் இந்த வாள்வெட்டுக் காலத்தில் கத்தி விற்பது எப்படிப்பட்ட தொழில் என்று உங்களுக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளில் வரும் பெடியளுக்கு 'கத்தி முடிஞ்சுது' என்று எத்தனை தரம் பொய் சொல்லியிருப்பேன்!

வெள்ளிக்கிழமை யோகன் எங்கள் சந்தியில் பஸ்ஸால் இறங்கும்போது பொலிஸ்காரர் மறித்துக் கத்தியை எடுத்துவிட்டார்களாம். அது பொலிஸ் நிலையத்துக்குப் போனால் சனிக்கிழமைக்கு முன் வராது. எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். விறகு சீவ என்றிருக்கிறார். சீவிக் காட்டு என்றிருக்கிறார்கள். தெருவோரம் குந்தி, ஒரு தடியை மணிக்கட்டால் முழங்காலில் அழுத்திப் பிடித்து, சுருள் சுருளாகச் சீவிக் காட்டியிருக்கிறார். பஸ் ஓடவில்லை; சனம் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தது. கடைக்கு வந்து இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கத்தியைத் திருப்பிக் கொடுத்த பொலிஸ்காரர் சொன்னாராம்: "போ, போ. இந்தக் கைக்கு வாள்வெட்டுக் கோஷ்டியிலயும் வேலை குடுக்க மாட்டாங்க."

சனிக்கிழமை

அன்று விடியவே மழை. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் வாடிக்கையாளர் கேட்டது எதுவும் என் காதில் ஏறவில்லை. என் மனம் வன்னியில் இருந்தது.

திங்கட்கிழமை சுதன் வந்தார். இடுப்பில் உறை மட்டும் இருந்தது. முழுக்கதையையும் அவர்தான் சொன்னார். யோகன் முதலில் மற்றவர்களைப்போலக் கத்தியை விறகில் ஊன்றி, அதன் முதுகில் தடியால் அடிக்கப் பார்த்திருக்கிறார். ஊன்றவும் அடிக்கவும் ஒரே கை. கத்தி தெறித்துச் சேற்றில் விழுந்தது. மற்ற இருவரும் புகை எழுப்பிவிட்டார்கள். யோகன் கத்தியை மழையில் கழுவினார். பிறகு ஈர மண்ணில் உட்கார்ந்து, பிடியை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் இறுக்கி, அலகை நிமிர்த்தி வைத்தார். மீன் சந்தையில் மீன் வெட்டுகிறவர்கள் அப்படித்தான். கத்தி நிற்கும், மீன்தான் அசையும். நனைந்த மேற்பட்டையைச் சீவித் தள்ளி, உள்ளே இருந்த காய்ந்த மரத்தைச் சுருளாக எடுத்தார். கடைசியாகத்தான் அவருடைய தீ பிடித்தது. ஆனால் மற்றவர்களின் ஈர விறகுத் தீ அதற்குள் அணைந்துவிட்டது.

யோகனுக்கு வேலை கொடுத்தீர்களா என்று கேட்டேன். சுதன் வெறும் உறையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "குடுக்காமல் என்ன செய்யிறது அன்ரி? என்ரை கத்தி பிடியோடை முறிஞ்சு, நானும் அந்த மனிசன்ரை நெருப்பிலைதான் தேத்தண்ணி குடிச்சனான்."

நல்ல கத்தியை விற்றால் வாங்கியவர் திரும்பி வரமாட்டார் என்பதே இந்தத் தொழிலில் உள்ள நட்டம். சுதன் ரொறன்ரோவுக்குத் திரும்பி வீடுகள் விற்கும் தரகராகிவிட்டார், வன்னியில் அந்த முகாமை நடத்திக்கொண்டிருக்கும் யோகன் இன்றுவரை என் கடைப்பக்கம் வரவில்லை.