கணக்கில் சேராத வெள்ளிக்கிழமை

ஒரே ஆள், ஒரே கை, ஒரே வேலை. நேற்றுவரை கொடையாக இருந்தது இன்றைக்குத் தண்டனை ஆகிவிட்டால், வெட்கம் எந்த இடத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறது? கையிலா, வேலையிலா, பார்க்கிறவர் கண்ணிலா? லென்னி பாவ்லிக்கின் வாழ்க்கை அறுபதை நெருங்குகிற வயதில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கத் தொடங்கியது. அவர் கேட்டதில்லை. அவர் மீன் பொரிக்கிறவர்.

தவக்காலம் வந்துவிட்டால், இறைச்சி தின்னாத வெள்ளிக்கிழமைகளின் மாலைகளில், கோல்டர்ஸ் ரன் ஊரின் தீயணைப்புக் கூடத்துச் சமையலறையில், மூன்று எண்ணெய்ச் சட்டிகளுக்கு முன்னால் அவரைப் பார்க்கலாம். கம்பளித் தொப்பியைக் கழற்ற மாட்டார். விரல் நுனியால் ஒரு துளி மாவை எண்ணெயில் விட்டு, தலையைச் சாய்த்து, சட்டியின் பக்கம் இடது காதைக் கொடுப்பார். வலது காது கண்ணாடி ஆலையின் உலைக்கு முன்னால் என்றைக்கோ போய்விட்டது. "இன்னும் பாடலை" என்பார். சற்றுப் பொறுத்து, "ம், இப்பப் பாடுது." சட்டிகளுக்குத் தன் மூன்று அத்தைகளின் பெயரை வைத்திருக்கிறார்: ஹெலன், ஸோஃபி, பெர்த்தா. பெர்த்தா மெதுவாகத்தான் சூடாவாள், சூடாகிவிட்டால் அடங்க மாட்டாள். "எங்க அத்தையும் அப்படித்தான்" என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வார். கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்குச் சலித்துவிட்டது. அவருக்குச் சலிக்கவில்லை.

அவர் மீன் சாப்பிட மாட்டார். வெண்ணெயில் வதக்கிய முட்டைக்கோசும் நூடுல்ஸும் ஒரு கிண்ணத்தில் வாங்கி, நின்றபடியே தின்பார். சமையலறையை விட்டு வெளியே வந்து யாருக்கும் தட்டு நீட்டியதும் கிடையாது. கூட்டம் நெரிகிற நாளில் யாராவது ஒரு தட்டைக் கையில் கொடுத்தால், "நான் பொரிக்கிறவன். தூக்கிட்டுப் போறது வேற ஆளு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அந்தக் கூடத்தில் வேலை செய்கிறவர்கள் யாரும் காசு வாங்குவதில்லை. மீன் விற்று வருகிற பணம் தீயணைப்பு வண்டிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் போகிறது. யார் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று எழுதிவைக்கிற வழக்கமும் அங்கே இல்லை. ஒருமுறை காப்பீட்டுக்காரர்கள் கேட்டார்கள் என்று, வருகிறவர்கள் பெயரும் நேரமும் எழுத ஒரு தாளைக் கதவில் ஒட்டினார்கள். மாலை முடிவதற்குள் அந்தத் தாளில் யாரோ எண்ணெய்க் கரண்டியைத் துடைத்திருந்தார்கள். லென்னிதான் என்று பேச்சு. எழுதிவைத்தால் அப்புறம் அது வேறு ஏதோ ஆகிவிடும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் ஒரு எண்ணம். என்ன ஆகும் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

அவரை நல்லவர் என்று சொல்ல நான் அவசரப்பட மாட்டேன். அவர் வாய் அப்படி. காது போனவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. கண்ணாடி ஆலையில் வேலை பார்த்தவர்கள் காதோடு காதாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொல்வது அடுத்த தெருவரை போகும். சில வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, கர்ட் யூஹாஸ் என்பவன் வரிசையில் நின்றான். வேலை இல்லாமல் இருந்தவன், அரசாங்கம் கொடுக்கிற உணவு அட்டையில் மளிகை வாங்குகிறவன். லென்னி பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்:

"அட்டையில சாப்பிடறவனுக்கு மீன் வாங்க மட்டும் காசு எங்கேருந்துய்யா வருது? இவனுங்களை எல்லாம் ஆத்தங்கரையில குப்பை பொறுக்க விடணும். அப்பத் தெரியும்."

கூடம் முழுக்கக் கேட்டது. கர்ட் கையிலிருந்த காலித் தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான். அதற்குப் பிறகு அவன் வரவே இல்லை. லென்னிக்கு விஷயம் வீட்டுக்குப் போகிற வழியில்தான் தெரிந்தது. அவருடைய அக்கா டோலரஸ் கூடத்து வாசலில் சீட்டுக் கொடுக்கிறவள். "நீ பேசினது பார்க்கிங் வரைக்கும் கேட்டுச்சுடா" என்றாள். லென்னி அன்று இரவு உணவு மேசையில் உட்காரவில்லை. ஆனால் மறுநாள் கர்ட் வீட்டுப் பக்கமும் போகவில்லை.

கண்ணாடி ஆலை மூடியபின் அவர் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினார். அதுவும் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. முழங்கால் பாதி போன ஆளை அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. அக்காவின் வீட்டுக் கீழறைக்குக் குடிவந்தார். உணவு அட்டைக்கு எழுதிக்கொடுத்தபோது அக்காவையே கூட அழைத்துப் போனார். அங்கே சத்தமாகப் பேசிவிடக் கூடாது என்று வாயைத் திறக்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் அவளே பதில் சொன்னாள். ஊருக்குள் இருக்கிற கடையில் அந்த அட்டையை நீட்டியதில்லை. பாலம் தாண்டிப் போய் வாங்கி வருவார்.

பிறகுதான் புதிய விதி வந்தது. அவர் வயதுக்காரர்களும் வேலை இல்லையென்றால், மாதத்தில் இத்தனை மணி நேரம் ஊருக்குச் சம்பளமில்லாத வேலை செய்து காட்ட வேண்டும், இல்லையென்றால் அட்டை நின்றுவிடும். லென்னிக்குக் கிடைத்த இடம் மூடிக்கிடக்கும் கண்ணாடி ஆலைக்குப் பின்னால் இருக்கிற ஆற்றங்கரை. வேலை, குப்பை பொறுக்குவது.

முதல் நாள் அங்கே அதே வேலைக்கு நின்றுகொண்டிருந்தவன் கர்ட். அங்கே கொடுக்கிற கையில்லாத ஆரஞ்சுச் சட்டைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நீட்டினான்.

"இது பெரிய சைஸ். உங்க தொப்பைக்குச் சரியா இருக்கும்."

அவ்வளவுதான் சொன்னான். பழையதைப் பற்றிப் பேசவில்லை. லென்னிக்கு அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. ஆற்றோரத்து முட்செடிகளில் சிக்கிய பிளாஸ்டிக் பைகளை இருவரும் இடுக்கியால் எடுத்தார்கள். நடுவில் ஒருமுறை கர்ட்தான் கேட்டான்.

"இப்ப என்ன சொல்றீங்க? எங்களை எல்லாம் இதுல விட்டது சரிதானா?"

"குப்பை கெடக்குதுல்ல. யாராவது பொறுக்கித்தானே ஆகணும்."

"போன வருஷம் வரைக்கும் பொறுக்கினாங்களே. சம்பளத்துக்கு ஆள் வெச்சிருந்தாங்க. யாருன்னு நெனைக்கிறீங்க? என் மச்சான். அவனை அனுப்பிட்டுத்தான் நம்மளை விட்டிருக்காங்க. இப்ப அவனும் அட்டைக்கு எழுதிப் போட்டிருக்கான். அடுத்த மாசம் அவனையும் இங்கேயே பாக்கலாம்." கர்ட் சிரித்தான். "அதே கரை, அதே குப்பை, அதே ஆளு. சம்பளம் மட்டும்தான் அவங்களுக்கு மிச்சம்."

லென்னி இடுக்கியால் அடுத்த பையை இழுத்தார். தன் கருத்தை மாற்றிக்கொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வேலை முடிந்ததும் சட்டையைக் கழற்றி, நான்காக மடித்து, ரொட்டி வந்த பைக்குள் போட்டு, கோட்டுக்குள் செருகிக்கொண்டு பின்வழியாக வீட்டுக்கு வந்தார். ஆலைக்குப் பின்னால் ஊரில் யாரும் போவதில்லை என்பது அவருக்குப் பெரிய ஆறுதல். கர்ட் சொல்லாமல் இருக்கும்வரை கூடத்தில் மற்றவர்களுக்குத் தெரியப்போவதில்லை. கர்ட் சொல்லவில்லை. அதுவும் அவரை உறுத்தியது.

மார்ச்சில் ஆறு பெருகிக் கரை மூழ்கியது. வேலை நடக்காத நாட்கள் கணக்கில் வராது என்றார்கள். மணி நேரம் குறைந்தது. உணவு அட்டை அலுவலகத்திலிருந்து தீயணைப்புக் கூடத்துக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. அந்தக் கூடத்தில் செய்கிற வேலையும் செல்லும் என்று அதில் இருந்தது. கூடத்தின் தலைவர் டோம் ரிச்சியார்டி அதைப் படித்துவிட்டு லென்னியைச் சாமான் அறைப் பக்கம் கூப்பிட்டுப் போனார். கூடத்தில் லென்னியின் நிலைமை அக்காவுக்கு அடுத்தபடி அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"நல்லதாப் போச்சு லென்னி. நீ எப்படியும் இங்கதானே நிக்கிற? மாவு கரைக்கிறது, மீன் வெட்டறது, பொரிக்கிறது, கழுவறது, எல்லாத்தையும் சேத்து எழுதிடறேன். உனக்குக் குறையறது தீந்துடும். ஒருத்தனுக்கும் தெரியாது."

"வேணாம்."

"பொய்யா எழுதப்போறேன்? நெசமாத்தானே செய்யற."

"அதான் வேணாங்கறேன்."

டோம் புரியாமல் பார்த்தார். ஆனாலும் தாளை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு, சமையலறைக் குளிர்பெட்டியின் கதவில், காந்தத்துக்கு அடியில், எழுத்து உள்பக்கம் இருக்கும்படி செருகிவைத்தார். வேண்டும்போது எடுத்துக்கொள்ளட்டும் என்று.

டோலரஸுக்கு இது தெரிந்தபோது வீட்டில் பாத்திரங்கள் பேசின.

"டேய், உன் ஆயுசுல பாதி வெள்ளிக்கிழமை அந்த எண்ணெயில வெந்திருக்க. அதுக்கு ஒரு கையெழுத்து வாங்கினா மானம் போயிடுமா?"

"போயிடும்."

"அப்ப ஆத்தங்கரையில போகுதே, அது?"

"அது வேற."

"என்னடா வேற? ரெண்டும் நீதானே செய்யற? என் பென்ஷன்ல எத்தனை நாளைக்கு ரெண்டு வயிறு? சொல்லு, என்ன வேற?"

லென்னி குப்பையைக் கொட்டிவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார். குப்பையை அவள் காலையிலேயே கொட்டியிருந்தாள்.

புனித வெள்ளி வந்தது. அந்தத் தவக்காலத்தின் கடைசி மீன். திங்கட்கிழமைக்குள் தாள் போய்ச் சேராவிட்டால் அட்டை நிற்கும். காலையிலிருந்து தூறல். தண்ணீர் வடிந்திருந்த கரையில் அன்றும் வேலை வைத்திருந்தார்கள். லென்னி பாதியில் சொல்லிக்கொண்டு வந்து, கோட்டை ஆணியில் மாட்டி, கவசத் துணியைக் கட்டிக்கொண்டு அத்தைகளைச் சூடாக்கினார். வரிசை கதவைத் தாண்டி மழைக்குள் போயிருந்தது.

அந்த வரிசையில், இத்தனை வருடம் கழித்து, கர்ட் நின்றான். அவன் அம்மாவுக்குப் படுக்கையில் கிடந்தபடியே புனித வெள்ளி மீன் வேண்டுமாம். கரையிலிருந்து நேராக வந்திருந்ததால் ஆரஞ்சுச் சட்டை மேலேயே இருந்தது, தண்ணீர் சொட்டியது. அவனுக்கு முன்னால் இருந்தவர் ஹேரல்ட் மட்ஸ்கோ, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், கலகலப்பானவர் என்று பெயர் வாங்கியவர்.

"வழி விடுங்கப்பா, வழி விடுங்க. ஆத்தங்கரை ஆபீசர் வந்திருக்காரு!"

சிலர் சிரித்தார்கள். ஹேரல்ட் சமையலறை ஜன்னலைப் பார்த்துக் கைதட்டினார்.

"லென்னி! உன் ஆசை பலிச்சிடுச்சு பாத்தியா? நீ சொன்ன மாதிரியே குப்பை பொறுக்க விட்டுட்டாங்க!"

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். லென்னியும் சிரிப்பார் என்று காத்திருந்தார்கள். கர்ட் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தான். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சிரிப்பு திசை மாறியிருக்கும். அவன் சொல்லவில்லை. பார்வையைத் தாழ்த்தி, ஈரக் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

லென்னி கம்பிக்கூடையைத் தூக்கி வடியவிட்டார். ஆணியில் மாட்டிய கோட்டிடம் போனார். ரொட்டிப் பையை எடுத்து, அதிலிருந்ததை உதறி, கவசத் துணிக்கு மேலேயே போட்டுக்கொண்டார். அதுவும் நனைந்திருந்தது. கவசத்தின் முடிச்சில் சிக்கிக்கொண்டதால் போட்டுக்கொள்ள நேரமானது. யாரும் உதவவில்லை. வாசலில் டோலரஸ் சீட்டுப் புத்தகத்தைக் கீழே வைத்தாள்.

"என்ன லென்னி, வேஷமா?" என்றார் ஹேரல்ட். குரலில் முன்பிருந்த தெம்பு இல்லை.

"அவனும் நானும் பக்கத்துப் பக்கத்துலதான் பொறுக்கறோம்." அவர் மெல்லத்தான் சொன்னார் என்று அவர் நினைத்திருக்கலாம். பார்க்கிங் வரைக்கும் கேட்டது.

பிறகு ஒரு தட்டில் மீனை வைத்து, காகிதம் மூடி, சமையலறையை விட்டு வெளியே வந்தார். வரிசை தானாக ஒதுங்கியது. கர்ட்டின் கையில் தட்டைக் கொடுத்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மன்னிப்பு என்று எதுவும் சொல்லவுமில்லை. "சூடு ஆறுறதுக்குள்ள எடுத்துட்டுப் போ. உங்கம்மாவுக்கு முள் எடுத்துக் குடு" என்றார். அவர் முகம் பெர்த்தாவுக்கு முன்னால் நிற்கிறபோது இருப்பதைவிடச் சிவந்திருந்தது.

திரும்பி வந்தபோது டோம் குளிர்பெட்டிக் கதவிலிருந்து தாளை எடுத்துக் கையில் வைத்திருந்தார்.

"இனிமே மறைக்க என்ன லென்னி இருக்கு? எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. இதை எடுத்துக்க. திங்கக்கிழமை நானே கொண்டு போய்க் குடுக்கறேன். நீ சரின்னு மட்டும் சொல்லு."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் டோலரஸ் வந்து நின்றாள். அவளும் அதே ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாள். லென்னி தாளைப் பார்த்தார், படிக்கத் தெரியாத மொழியில் இருப்பதைப் பார்ப்பதுபோல. அப்புறம் ஆரஞ்சுச் சட்டையின் பட்டையை இழுத்து மாட்டிக்கொண்டு, விரல் நுனியால் ஒரு துளி மாவை எடுத்து பெர்த்தாவில் விட்டார். தலையைச் சாய்த்து இடது காதை எண்ணெய்க்குக் கொடுத்தார். டோம் இன்னும் பேசிக்கொண்டிருந்த பக்கம் வலது காது இருந்தது.

"இன்னும் பாடலை" என்றார்.