டயகமவிலிருந்து நுவரெலியா கிளினிக்: தங்கைக்கு நான் சொல்லிக்கொடுத்த பதில்கள்

குட்டி, நீ இல்லாமல் அந்த பஸ்ஸில் போய் வந்தேன்.

குட்டி என்றால் என் தங்கை சரோஜா. ஐம்பத்தாறு வயது. மறதி நோயில் போய்ச் சேர்ந்து மூன்று மாதம். நான் ஏழாம் வகுப்பு வரைதான் படித்தவள், போனில் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போவதா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை நான் போனது டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்க.

காலை 5.20க்கு எங்கள் தேயிலைத் தோட்டமான டயகமவில் தலவாக்கலை பஸ். ஏழரைக்கு இறங்கி நுவரெலியா பஸ் பிடித்தால் இன்னும் ஒன்றேகால் மணி நேரம். ஒரு வழிக்கு இரண்டு பஸ்ஸுக்கும் 340 ரூபாய் கொடுத்தேன். வளைவுகள் வயிற்றைப் பிரட்டும், முன்னால் உட்காருங்கள்.

கண்டக்டர், "என்னாக்கா, டீச்சர் மட்டும் வந்திருக்கீங்க? புள்ளய காணோம்?" என்று சிரித்தார். அவருக்குத் தெரியாது. "போயிட்டாப்பா" என்றேன். டிக்கெட்டைக் கிழித்துத் தந்துவிட்டுப் பின்னால் போய்விட்டார்.

என்னை டீச்சர் என்றதற்குக் காரணம் இருக்கிறது. முதல் தடவை போனபோது நர்ஸ் என்ன கிழமை, எந்த ஊர் என்று கேட்டார். பிறகு மூன்று வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார். மாங்காய், கதிரை, மணிக்கூடு. நாற்காலியைத்தான் கதிரை என்றார். குட்டி ஒன்றைத்தான் சொன்னாள். வெளியே வந்து, "தோட்டத்துல தெரிஞ்சா பேர வெட்டிருவாங்கக்கா" என்று அழுதாள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அவள் பேரைக் கூப்பிடாமல் விட்டுவிடுவார்கள், வேலை போய்விடும் என்ற பயம் எனக்கும் வந்துவிட்டது. அடுத்த தடவையும் அதே மூன்று வார்த்தை. அதிலிருந்து பஸ்ஸிலேயே சொல்லிக்கொடுத்தேன். கிழமை, ஊர், மாங்காய், கதிரை, மணிக்கூடு. ஒன்றரை வருடம் ஒன்றும் தப்பாமல் சொன்னாள். நல்லாயிருக்கிறாள் என்று அடுத்த தேதியை ஆறு மாதம் தள்ளிப் போட்டார்கள். பெருமைப்பட்டேன். பிறகு ஒரு நாள் கொழுந்துக் கூடையோடு தோட்டத்தின் வேறு டிவிசனில் போய், வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றாள்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். எல்லாவற்றையும் சொன்னேன். ஏசவில்லை.

"நான் அப்புடி செய்யாட்டி பொழச்சிருப்பாளா சார்?"

"இல்லையம்மா. மூளைக்குள்ளை புரதம் கட்டிகட்டியாச் சேருது. சும்மா கிடக்கிற குப்பை எண்டுதான் முந்தி கனபேர் நினைச்சவை. இப்ப ஆய்வுகூடத்திலை பாத்தா, அந்தக் கட்டியள் பக்கத்திலை இருக்கிற பொருளையும் உடைச்சு மாத்துதாம். மூளைக்குள்ளையும் அப்பிடியோ எண்டு இன்னும் சரியாத் தெரியாது."

"பேக்டரி ரோலர்ல அரச்ச தேயிலக் கொழுந்து, யாரும் தொடாமயே கறுத்துக்கிட்டே போகுமே, அந்த மாதிரியா?"

"கிட்டத்தட்ட. நிப்பாட்ட எங்களிட்டை மருந்து இல்லை. முந்தியே தெரிஞ்சிருந்தா, பயத்துக்கும் நித்திரைக்கும் ஏதும் குடுத்திருக்கலாம்."

அந்த ஒன்றரை வருடமும் அவள் தூங்காமல் சுவரோரம் உட்கார்ந்து நடுங்கினாள். கொஞ்சம் கண்ணயர்ந்தாலும் எழுப்பி வைத்துக் கேள்வி கேட்டவள் நான்.

போகிறவர்கள் ஒன்பது மணிக்கு முன் நம்பர் எடுங்கள். கிளினிக் புத்தகமும் சுவெட்டரும் மறக்க வேண்டாம். பதில் மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அவர்களுக்கு வராதது வராததாகவே டாக்டருக்குத் தெரியட்டும்.

கடைசி மாதம் அவளுக்கு என்னைத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால், மாங்காய், கதிரை, மணிக்கூடு என்று சொல்லிவிட்டு, சரியா என்று என் முகத்தையே பார்ப்பாள். சரி என்பேன்.

குட்டி, அந்த பஸ்ஸில் அதற்குப் பதிலாக என் பேரைச் சொல்லிக்கொடுத்திருந்தால், அதையாவது வைத்திருந்திருப்பாயா?