பூட்டிய காரில் ஏறிய முள்

ராத்திரிக் கதை என்று நினைக்க வேண்டாம். கடப்பையில், ஏப்ரல் மாதம், பட்டப்பகலில், என் கண் முன்னால் நடந்தது. பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. உண்மையைச் சொன்னால்தான் என் பெயர் கெடும்.

நான் ஓபுலேசு. இருபத்திரண்டு வருஷமாக கார் மெக்கானிக். என்ஜின் சூடானால் ஊரில் என்னைத்தான் தேடி வருவார்கள். அப்படிப்பட்ட என் கடை வாசலில் ஹெட்மிஸ்ட்ரஸ் ராஜ்யலட்சுமி தன் பழைய காரை மூன்றாவது முறையாகக் கொண்டுவந்து நிறுத்தினார்.

“இத ரிப்பேர் பண்றியா, வளக்குறியா ஓபுலேசு?”

“மறுபடியுமா மேடம்?”

“அரை நாள் ஸ்கூல் முடிஞ்சு வந்து கதவத் தொறக்குறேன். இன்னும் ஸ்டார்ட்டே பண்ணல. சூடு காட்டுற முள்ளு சிவப்புல நிக்குது. கதவத் தொறந்ததும் நல்ல புள்ளையாட்டம் எறங்கிடுது. நாளான்னைக்கு எங்கம்மாவ ஆபரேஷனுக்கு திருப்பதி கூட்டிட்டுப் போகணும். நடு ரோட்டுல என்ஜின் கொதிச்சு நின்னா என்ன பண்ணுவேன்? உன்னால ஆகலன்னா சொல்லு, எதிர்க் கடையில விடுறேன்.”

எதிர்க் கடை என்றதும் எனக்குச் சுருக்கென்று தைத்தது. என்ஜின் சூட்டை அளக்கும் சென்சார் மாற்றியாயிற்று. தெர்மோஸ்டாட் மாற்றியாயிற்று. எர்த் வயரும் புதிதாக இழுத்தாயிற்று. சூடு காட்டும் மீட்டர்கூட போன மாதம் நான் போட்டதுதான். புதுசு கிடைக்காமல், மஸ்தானின் பழைய இரும்புக் கடையில் வாங்கியது. இன்னும் எதைத்தான் மாற்றுவது?

மறுநாள் அவர் சொன்னபடியே காரை வெயிலில் நிறுத்திப் பூட்டினேன். சாவி என் சட்டைப் பையில். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

12.40. முள் அசைந்தது.

12.48. சிவப்புக்கு வந்துவிட்டது. கதவைத் திறந்தேன். சர்ரென்று இறங்கியது. பானட்டைத் தூக்கி என்ஜின் பக்கத்தில், சென்சார் இருக்கும் இடத்தில் கை வைத்தேன். வெயில் சூடுதான். சென்சார் வயரைப் பிடுங்கினேன். பேட்டரி வயரையும் கழற்றினேன். இனி எந்த மீட்டரும் அசையக் கூடாது. மறுபடி பூட்டினேன்.

12.55. முள் ஏறியது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கதவைத் திறப்பதால்தானே இறங்கித் தொலைக்கிறது? இன்றைக்குத் திறக்கப் போவதில்லை. நீயா நானா பார்த்துவிடலாம் என்று நின்றேன்.

1.05. சிவப்பையும் தாண்டி ஓரத்தில் முட்டி நின்றது. நடுங்கியது.

டப்... டப்...

வெயிலில் தகரம் விரியும் சத்தம் என்று நினைத்தேன்.

டப்... டப்... டப்...

தகரம் இப்படி அவசரப்படுமா?

1.12. சத்தம் மெலிந்தது.

டப்...

1.17.

முள் ஒரேயடியாக அடிக்கோட்டில் விழுந்தது.

சத்தமும் நின்றது.

‘அப்பாடா, ஜெயித்தேன்’ என்று கதவைத் திறந்தேன். பின் கண்ணாடியின் உள்பக்கம், கீழே, ஈரமாக ஏதோ இருந்தது. சின்னச் சின்ன உள்ளங்கைத் தடங்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து மறைந்தன...

மீட்டரைக் கழற்றினேன். அதை எடுத்துக்கொண்டு மஸ்தானிடம் ஓடினேன்.

“இது எந்த வண்டியோடது அண்ணா?”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “புரொத்துட்டூர் வண்டி. கல்யாணத்துக்கு வந்தவங்க. நாலு வயசுப் பொண்ணு பின் சீட்டுல தூங்கிட்டிருந்திருக்கு. புருஷன் தூக்கிட்டான்னு பொண்டாட்டி, பொண்டாட்டி தூக்கிட்டாள்னு புருஷன் நெனச்சு... பூட்டிட்டுப் போயிட்டாங்க.”

“யாருமே பாக்கலையா?”

“மண்டபத்து வாட்ச்மேன் பாத்திருக்கான். வெளியில நின்னு பாத்துட்டேதான் இருந்திருக்கான். கண்ணாடியத் தட்டி வெளையாடுதுன்னு நெனச்சானாம். தட்டுறது ஒண்ணு பதினேழுக்கு நின்னுச்சுன்னு போலீசுல சொன்னான்.”

மீட்டரை அங்கேயே கீழே வைத்தேன்.

வேறு மீட்டர் போட்டேன். ராஜ்யலட்சுமி அம்மா தன் தாயாருடன் திருப்பதி போய் நல்லபடியாகத் திரும்பினார். “இப்பதான் ஒழுங்கா பண்ணிருக்க” என்று பாராட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மஸ்தான் அன்று கடைசியாக ஒன்று சொன்னார்.

“வாட்ச்மேன ஊரே திட்டுச்சு. பாவம், அவன் என்ன பண்ணுவான்? அவன்கிட்ட சாவியா இருந்துச்சு?”

என்னிடம் இருந்தது.