ஒரே நாளில் வந்த சம்மதங்கள்

பெற்றோரின் வேலை நேரம் பிள்ளைகளின் தூக்கத்தை எப்படிப் பாதிக்கிறது என்று என் மகள் மேற்படிப்புக்காக ஆராய்ந்துகொண்டிருந்தாள். களம், ஒரு தோட்டப் பள்ளி. நான் கல்வி இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் அனுமதி வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அமைச்சு, மாநிலம், தலைமையாசிரியர் என்று எல்லாப் படியும் ஏறினேன். கடைசிப் படி, பெற்றோர் சம்மதம். படிவம் கொடுத்த மறுநாள் காலையே அத்தனையும் கையெழுத்தோடு திரும்பிவிட்டன.

"பாத்தீங்களாப்பா, எவ்ளோ ஈஸி!"

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் உத்தியோக காலத்தில் ஒரு சுற்றறிக்கைக்குக்கூட மறுநாள் பதில் வந்ததில்லை. சட்டை அளவோ சுற்றுலாவோ, பள்ளி அனுப்பும் எந்தத் தாளிலும் நம் பெற்றோர் மடிப்பைப் பிரிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். அது மரியாதை. சம்மதம் வேறு.

"பெத்தவங்கள நேர்ல கூப்பிட்டு விளக்கிச் சொல்லு."

"ரிட்டையர் ஆயிட்டீங்கப்பா, ஞாபகம் இருக்கா?"

இருந்தாலும் கூப்பிட்டாள். சனிக்கிழமை காலை, பள்ளிச் சிற்றுண்டிச்சாலை. பிள்ளைகள் பதில் எழுத வேண்டிய கேள்விகளை அவள் ஒவ்வொன்றாக வாசிக்க, நான் மேசைகளுக்கு இடையே நடந்துகொண்டிருந்தேன். 'இரவில் உன்னோடு வீட்டில் யார் இருப்பார்கள்?' என்று வாசித்தபோது, கூலிம் தொழிற்சாலைச் சீருடையோடு வந்திருந்த ஒரு தாய் நிமிர்ந்தாள். மற்றவர்கள் மீ நூடுல்ஸ் சாப்பிட நகர்ந்ததும் எங்களிடம் வந்தாள்.

"டீச்சர், நைட் ஷிப்ட்னா எம் பொண்ணும் அவ தம்பியும் தனியாத்தான் இருப்பாங்க. அத எழுதிட்டா வெல்பேர் ஆளுங்க வந்து புள்ளைங்கள கூட்டிட்டுப் போயிருவாங்களா?"

"பேரே இருக்காதுக்கா."

"பேரு எதுக்குலா? அந்த வகுப்புல புருஷன் இல்லாம நைட் ஷிப்ட் போறது நான் ஒருத்திதான்."

விதி எனக்கு நுனிநாக்கில் இருந்தது. "வேணாம்னா விலகிக்கலாம்மா. அது உங்க உரிமை."

"எல்லாரும் உள்ள எழுதறப்ப எம் பொண்ண மட்டும் வெளிய உக்கார வச்சா, ஏன்னு கேக்க மாட்டாங்களா சார்?"



மகள் பேனாவை எடுத்து அந்தக் கேள்வியை அடித்தாள்.

"இன்னும் தெரியுது டீச்சர்."

மறுபடி அழுத்தி அடித்தாள். எழுத்து மறையும் வரை பார்த்திருந்துவிட்டே அந்தத் தாய் போனாள்.

திரும்பும்போது மகள்தான் காரை ஓட்டினாள்; பாக்கார் ஆராங் சந்திப்பில் நின்றோம். சிவப்பு விளக்கில் கேட்டாள்: "கேள்விய எடுத்தா மறுபடி அனுமதி கேக்கணுமாப்பா?"

"கேக்கணும். காரணமும் எழுதணும்."

"உண்மைய எழுதினா அவங்கள நாமளே காட்டிக் குடுத்த மாதிரி."

"தேவையில்லாத கேள்வின்னு எழுதிடு. யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க."

"அதுதாம்ப்பா இருக்கறதுலயே தேவையான கேள்வி," என்றாள். பச்சை விழுந்தும் கார் நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.