தலைகீழாக வந்த அப்பா

அந்த மனிதரை நான் முதன்முதலாகப் பார்த்த நாளில் அவர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். நெற்றி கீழே, மோவாய் மேலே, அதற்கும் மேலே கட்டம்போட்ட சட்டையின் காலர். சரியாகச் சொன்னால், தொங்கியது அவரல்ல. கம்ப்யூட்டர் திரையில் தெரிந்த அவர் முகம். ஜெயங்கொண்டத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடியில் இருந்த இன்டர்நெட் கடையில் நான் வேலை பார்த்த காலம் அது. டிப்ளமோ முடித்த மிதப்பு இன்னும் இறங்கியிருக்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் என்னைக் 'கம்ப்யூட்டர் சார்' என்பார்கள். நானும் மறுத்ததில்லை.

அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர், பக்கத்து ஊரான மீன்சுருட்டியிலிருந்து வருவதால் நான் மீன்சுருட்டி அக்கா என்று கூப்பிடும் பெண். அவருடைய வீட்டுக்காரருக்கு வளைகுடா நாட்டில் கட்டட வேலை. அக்கா பிள்ளை உண்டாகியிருந்தபோது விமானம் ஏறியவர். மகள் பிறந்து, தவழ்ந்து, நடந்து, இப்போது ஓடவே ஆரம்பித்துவிட்டாள். அப்பாவை நேரில் பார்த்ததே இல்லை. போட்டோவைக் காட்டினால் தட்டிவிடுவாள். புதிதாக எந்த ஆண்முகத்தைக் கண்டாலும் வீறிட்டு அழுவாள். என்னைப் பார்த்தும் அழுதாள்.

"போன்ல பேசுறப்பல்லாம் இதையேதான் கேக்குறாரு தம்பி, என்னப் பாத்தாலும் அழுவுமான்னு. நான் என்னத்தச் சொல்ல?" என்றார் அக்கா.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. கூட்டாளி ஒருவரின் அறையில் கம்ப்யூட்டர் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இங்கே கரண்ட் இல்லை. அடுத்த வெள்ளி லைன் கிடைக்கவில்லை. மூன்றாவது தடவையாக டவுன் பஸ் ஏறிப் பிள்ளையோடு வந்தபோதுதான், புள்ளிபுள்ளியாகக் கலங்கிய ஒரு முகம் திரையில் வந்து நின்றது. அப்போது நேராகத்தான் இருந்தது. பிள்ளை ஒரே ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான், கடையே அதிரும்படி ஒரு அலறல். அங்கே அவருடைய சிரிப்பு சுருங்கிப்போனதை நானும் பார்த்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிள்ளையைத் தேற்ற அக்கா அவளை மேசை ஓரத்தில் உட்கார வைத்தார். அவள் இரண்டு உள்ளங்கைகளாலும் கீபோர்டில் ஓங்கி அறைந்தாள். திரை ஒருமுறை இருண்டு, மறுபடி வந்தபோது திரையோடு சேர்ந்து அப்பாவும் கவிழ்ந்திருந்தார்.

இனி கம்ப்யூட்டர் சாரின் திறமையைச் சொல்ல வேண்டும். வயரை ஆட்டிப் பார்த்தேன். மானிட்டரின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினேன். மவுஸை வலப்பக்கம் நகர்த்தினால் அம்பு இடப்பக்கம் ஓடியது. தெரிந்த வித்தையெல்லாம் தீர்ந்ததும், எல்லோரும் செய்வதைப்போல அணைத்துப் போடலாம் என்று கையை நீட்டினேன்.

"அணைச்சிடாதீங்க தம்பி. மறுபடி கெடைப்பாரா?"

கிடைப்பார் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கையை இழுத்துக்கொண்டேன். அங்கே அவருக்கு எல்லாம் நேராகத்தான் தெரிந்தது. எங்கள் கூத்து புரியவில்லை. "ஏ புள்ள, ஏன் ரெண்டு பேரும் கழுத்தச் சாய்ச்சிக்கிட்டே பாக்குறீங்க?" என்று ஸ்பீக்கரில் கேட்டார்.

"நீங்க வவ்வாலாட்டம் தொங்குறீங்க" என்றார் அக்கா. மனிதர் வெடித்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பிள்ளையின் அழுகை நின்றது. மேசையிலிருந்து சறுக்கிப் பெஞ்சில் இறங்கியவள், திரைக்கு முதுகைக் காட்டி நின்றாள். பிறகு இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்து, தன் கால்களின் இடைவெளி வழியாகத் திரையைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் கழுத்து வலிக்க வளைந்தும் காணமுடியாத முகம் அவளுக்கு நேராகத் தெரிந்திருக்க வேண்டும். அசையாமல் பார்த்தாள். பிறகு சிரித்தாள். இப்போது அங்கே அவருக்குத்தான் மகள் தலைகீழ். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்த ஒருவரை ஒரு சின்னப் பிள்ளை குனிந்து பிடித்துவிட்டதே என்று பிரமித்து நின்றேன்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை இப்படிக் குனிந்து பார்த்தால் வீட்டுக்கு ஆள் வரப்போகிறது என்பார்கள். அக்கா மைக்கை வாயருகே இழுத்து, "வூட்டுக்கு ஆள் வரப்போவுதாம். எப்ப வரீங்க?" என்றார். கண்ணீர் தெரியும் அளவுக்கு அந்தக் கேமரா நல்ல கேமரா இல்லை. அவர் முழங்கையை மடக்கி முகத்தைத் துடைத்தது மட்டும் தெரிந்தது.

அவர்கள் போன பிறகு, பிள்ளை அறைந்த இடத்திலேயே என் கைகளையும் வைத்துப் பார்த்தேன். இடது கைக்கு அடியில் மூலையிலிருந்த கன்ட்ரோல், ஆல்ட் பட்டன்கள், வலது கைக்கு அடியில் அம்புக்குறிகள். பட்டன்களோடு சேர்த்து அம்பை மட்டும் மாற்றி மாற்றி அழுத்தியதில் திரை ஒருமுறை இடப்பக்கம் படுத்தது, ஒருமுறை வலப்பக்கம் படுத்தது. மேல்நோக்கிய அம்பை அழுத்தியதும் ஒன்றுமே நடக்காததுபோல நிமிர்ந்து நின்றது. இதை எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. தனியாக உட்கார்ந்து, கவிழ்ப்பதும் நிமிர்த்துவதுமாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது போனைச் சாய்த்தால் படம் தானாகவே நிமிர்ந்துகொள்கிறது. வெளிநாட்டில் இருக்கும் அப்பாக்கள் தினமும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள். எதைப் பார்த்தும் யாரும் வாயைப் பிளப்பதில்லை. நான் மட்டும் இன்னமும், நேரில் பார்க்காத அக்கா வீட்டு வாசலை நினைத்து வாயைப் பிளக்கிறேன். அதற்கடுத்த பொங்கலுக்கு ஊர் வந்த தன் வீட்டுக்காரரைப் பற்றி அக்கா கடைக்கு வந்து சொன்னது இதுதான்:

"வாசல்ல வண்டிய விட்டு எறங்கி வந்தவரப் பாத்ததும் வழக்கம்போல அலறிட்டா தம்பி. மனுசன் பொட்டியக் கீழ போட்டாரு. தெருவே கூடி நிக்குது, கொஞ்சங்கூட வெக்கப்படல. திரும்பி நின்னு, குனிஞ்சி, காலுக்கு நடுவால அவளப் பாத்தாரு. இவ அழுவுறத நிறுத்திட்டு, கிட்டப் போயி மூக்கத் தொட்டுப் பாத்தா. மெதுவா நிமுந்து தூக்குனாரு. அழுவல தம்பி."